முதலில் சின்னப் பற்றரியைப் பாருங்கள்

காரைப் பூட்டிவைத்துவிட்டு மாதக் கணக்கில் பிள்ளைகளிடம் போய்வரும் ஹைபிரிட் வாகன உரிமையாளர்களுக்கு,



ஆறு மாதம் கனடாவிலோ லண்டனிலோ பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஊர் திரும்புகிறீர்கள். மறுநாள் காலை காரின் கதவுப் பிடியில் கை வைத்தால் பூட்டுத் திறக்காது. எப்படியோ திறந்து ஏறிப் பொத்தானை அழுத்தினால் விளக்கு மங்கலாக எரிந்து அணைந்துவிடும். சில கார்களில் எச்சரிக்கை விளக்குகள் அத்தனையும் ஒன்றாக எரியும். அயலில் யாராவது எட்டிப் பார்த்து, "ஹைபிரிட் பற்றரி போயிட்டுது" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரியோடு இலட்சக் கணக்கில் செலவுக் கணக்குத் தொடங்கிவிடும்.

அந்த வரியை நம்பி அன்றைக்கே எதையும் தீர்மானிக்காதீர்கள் என்று உங்களைக் கேட்கத்தான் இந்த மடல். வாகன மின்வேலை என் தொழில். நீண்ட நாள் நின்ற ஹைபிரிட் கார் உயிர்க்காவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெரிய பற்றரியை அல்ல, சின்னப் பற்றரியை. பெரியதைப் பற்றிப் பேசுவதற்கு முன் சின்னதை அளந்து பார்த்தே ஆக வேண்டும். அளக்காமல் சொல்லப்படும் எந்த முடிவும் ஊகம்தான்.

நம் நாட்டில் இது சிலருடைய தனிப் பிரச்சினையாக இல்லை. ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷன் வாகனமாக இங்கே வந்த பிரியஸ், அக்குவா, ஃபிட், வெசல், அக்சியோ கார்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வீதியெங்கும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த கார்களே ஓடித் தேய்ந்தன. 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது அவற்றில் பல தாங்கி வற்றி, வாரக் கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றன. ஆகவே இன்று நம் கைகளில் உள்ள ஹைபிரிட் பற்றரிகளில் பல வயதானவை. ஓடும்போது சமாளிக்கும் வயதான பற்றரி, சும்மா நிற்கும்போதுதான் தன் பலவீனத்தைக் காட்டும். உங்கள் பயணங்களும் நீண்டுகொண்டே போகின்றன. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

உங்கள் காரில் இரண்டு பற்றரிகள் உள்ளன. பெரியது சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கானது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ்களில் அது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை. ஒவ்வொன்றிலும் 6 செல்கள் கொண்ட 28 துண்டுகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். செல் ஒன்றுக்கு 1.2 வோல்ற் வீதம் மொத்தம் 201.6 வோல்ற். அக்குவாவில் 20 துண்டுகள், 144 வோல்ற். வெசலில் இருப்பது லித்தியம் அயன் வகை. சின்னப் பற்றரி எல்லாக் காரிலும் இருக்கும் 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரிதான். அந்தப் பிரியஸ்களில் அது பின்பக்கம் டிக்கியின் வலது மூலையிலும், அக்குவாவில் பின் இருக்கைக்குக் கீழேயும் இருப்பதால், பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு "இதில் சின்னப் பற்றரியே இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு.

காரை நிறுத்தியதும் பெரிய பற்றரி காரிலிருந்து தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும். அதற்கும் காருக்கும் இடையே உள்ள பெரிய ரிலேக்கள் திறந்துகொள்ளும். மீண்டும் அவை மூடப்பட வேண்டுமானால் 12 வோல்ற் மின்சாரம் வேண்டும். அதாவது பெரிய பற்றரி இருக்கும் அறையின் சாவி சின்னப் பற்றரியின் கையில் இருக்கிறது. சின்னது வெறுமையாகிவிட்டால், பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கார் "ரெடி" நிலைக்கு வராது.

நிற்கும் காரில் எந்நேரமும் வடிந்துகொண்டிருப்பதும் சின்னதுதான். ஸ்மார்ட் சாவியைத் தேடிக் காத்திருக்கும் கருவி, எச்சரிக்கை மணி, மணிக்கூடு, கணினிகளின் நினைவகம் எல்லாம் அதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுக்கின்றன. கார் நிற்கும்போது 30 மில்லி அம்பியர் மட்டும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி. 45 அம்பியர் மணிப் பற்றரி புதிதாக, முழுச் சார்ஜோடு இருந்தாலும் இரண்டு மாதத்தில் வற்றிவிடும். மூன்று நான்கு வயதான பற்றரி அதில் பாதிக் காலம்கூடத் தாங்காது. பிற்பாடு பொருத்திய கமராவோ ஜிபிஎஸ் கருவியோ இருந்தால் இன்னும் விரைவாக முடியும். ஆறு மாதம் நின்ற கார் பேசாமல் கிடப்பது இயல்பான ஒன்று. அதில் பயப்பட எதுவும் இல்லை.

திரும்பி வந்த நாளில் என்ன செய்வது? வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்மார்ட் சாவிக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவியை இழுத்தெடுத்துக் கதவைத் திறவுங்கள். உள்விளக்கு நன்றாக எரிந்தும் கார் சாவியை அறியவில்லை என்றால், சாவிக்குள் இருக்கும் பொத்தான் பற்றரி தீர்ந்திருக்கலாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியைப் பவர் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிறகு பொத்தானை அழுத்துங்கள். பல ரொயோட்டா கார்களில் இந்த வழி வேலை செய்யும். உங்கள் பிரச்சினை அந்தச் சின்ன வில்லையோடு முடிந்துவிடவும் கூடும்.

உள்விளக்கு எரியவில்லை, அல்லது மங்கலாக இருக்கிறது என்றால் மல்ரிமீற்றரை எடுங்கள். மின்சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண மீற்றரே போதும். பிரியஸில் டிக்கி மின்சாரத்தால் திறப்பது, ஆதலால் பற்றரி வற்றியிருந்தால் திறக்காது. பொனற்றுக்குக் கீழே பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியோடு ஒரு முனை இருக்கும். அதுதான் சின்னப் பற்றரியின் நேர் முனைக்கு வெளியே விடப்பட்ட வழி. மீற்றரின் சிவப்பு வயரை அதிலும், கறுப்பு வயரை வண்ணம் பூசாத வெறும் உலோகத்திலும் வைத்து அளக்கலாம். 12.6 வோல்ற் அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் முழுச் சார்ஜ். 12.2 அளவில் என்றால் பாதி. 11.8 இற்குக் கீழே போயிருந்தால் வெறும் பற்றரி என்றே கொள்ளுங்கள். மாதக் கணக்கில் நின்ற கார்களில் இரண்டு மூன்று வோல்ற் மட்டும் காட்டுவதும் உண்டு.

வெறுமையாகிவிட்ட பற்றரிக்கு நல்லது மெதுவான சார்ஜ். 5 அம்பியருக்கு மேற்படாத ஒரு சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டுவைப்பது, அவசரமாக ஜம்ப் கொடுப்பதைவிட மேல். நீண்ட காலம் வெறுமையாய்க் கிடந்த ஈயப் பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அது பழையபடி பிடித்து வைத்திருக்காது. சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு சும்மா விட்டு, காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் சின்னப் பற்றரியை மாற்றுங்கள். கடையில் சுமை கொடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மாற்றும்போது ஒரு கவனம். பிரியஸிலும் அக்குவாவிலும் சின்னப் பற்றரி இருப்பது நீங்கள் அமர்ந்திருக்கும் அதே கூடத்துக்குள். அதிலிருந்து வரக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியே போவதற்காகச் சிறு குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அளவு ஒத்துப்போகிறது என்பதற்காக, குழாய் பொருத்த வழியில்லாத சாதாரணப் பற்றரியை அங்கே வைக்க விடாதீர்கள். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக எடுக்கக்கூடிய துணிவு அல்ல அது.

ஜம்ப் கொடுத்தே ஆக வேண்டுமானால், நேர் முனையையும் எதிர் முனையையும் இருமுறை பார்த்துவிட்டு வயரைத் தொடுங்கள். மாறிக் கொடுத்தால் பெரிய பியூஸ் எரிவதோடு நிற்காமல் சேதம் இன்வேட்டர் வரை போகலாம். அது நீங்கள் பயந்த பற்றரிச் செலவுக்குக் குறைந்ததல்ல. ஹைபிரிட் காரிலிருந்து வேறு வாகனத்துக்கு ஜம்ப் கொடுக்கவும் சம்மதிக்காதீர்கள். பெற்றோல் காரின் ஸ்ராட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்குவதற்காக உங்கள் காரின் 12 வோல்ற் பகுதி அமைக்கப்படவில்லை.

சின்னப் பற்றரி சரியான பிறகு பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்துங்கள். "ரெடி" விளக்கு வந்துவிட்டால் ரிலேக்கள் மூடிக்கொண்டன, பெரிய பற்றரி வேலைக்கு வந்துவிட்டது. இப்போது சின்னதின் முனைகளில் அளந்தால் 14 வோல்ற்றை ஒட்டிக் காட்ட வேண்டும். பெரியதிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் போகிறது என்பதற்கு அது சாட்சி. காற்றோட்டமான இடத்தில், கியரை 'பி' யில் விட்டு ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். எஞ்சின் தானாகத் தொடங்கும், தானாக நிற்கும். 'என்' இல் வைத்தால் பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. கதவு மூடிய கராஜுக்குள் இதைச் செய்யவே கூடாது. எஞ்சின் ஓடும்போது வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.

ரெடி வந்த பிறகும் சில எச்சரிக்கை விளக்குகள் எரியலாம். வோல்ற் குறைந்த நேரத்தில் பிரேக் கணினி, ஸ்ரியரிங் கணினி எல்லாம் குழம்பிப் பதிந்த பழைய குற்றச்சாட்டுகள் அவை. ஸ்கானரில் குறித்துவைத்துக்கொண்டு, அழித்துவிட்டு, சில நாள் ஓட்டிப் பார்த்து மீண்டும் ஸ்கான் பண்ணுங்கள். திரும்பி வருவதுதான் உண்மையான குறை.

இனி, சின்னப் பற்றரி நன்றாக இருந்தும் ரெடி வராத கார். இங்கேதான் பெரியதைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள். பிரியஸ், அக்குவா கார்களில் தனி ஸ்ராட்டர் மோட்டார் கிடையாது. எஞ்சினைச் சுழற்றித் தொடங்கிவைப்பதும் பெரிய பற்றரிதான். மிஞ்சியிருக்கும் சார்ஜை ஒவ்வொரு முயற்சியும் கொஞ்சம் தின்றுவிடும். அது முற்றாகத் தீர்ந்தால் வெளியிலிருந்து உயர் வோல்ற் சார்ஜர் வைத்து ஏற்றாமல் கார் அசையாது. தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெற்றோல் இல்லாத பிரியஸ் எஞ்சினைச் சுழற்றிச் சுழற்றியே பெரிய பற்றரியை வற்றவைத்துவிடும். ஆறு மாதம் பழசாகிப்போன பெற்றோல் என்றால் புதியதைக் கலந்துகொள்ளுங்கள்.

பிறகு ஸ்கான். பி0ஏ80 என்ற குறியீடு வந்தால், "பற்றரியை மாற்று" என்றுதான் அதன் விளக்கத்தில் எழுதியிருக்கும். பெரும்பாலான கராஜ்களில் உரையாடல் அதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் குறியீடு உண்மையில் சொல்வது ஒன்றே ஒன்று: பற்றரிக்குள் இருக்கும் பகுதிகளின் வோல்ற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை அது சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது மனிதனுடைய வேலை.

நீண்ட நாள் நின்ற காரில் அதற்குக் காரணங்கள் பல. நிக்கல் பற்றரி சும்மா இருந்தாலும் தானாகச் சார்ஜை இழக்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக இழக்கும். நம் ஊர் வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் காருக்குள் எவ்வளவு சூடு என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாச் செல்லும் ஒரே வேகத்தில் இழப்பதில்லை. நடுவில் இருந்து நெடுநாள் வெக்கை தின்ற செல்கள் விரைவாக இறங்கும். ஆறு மாத முடிவில் சில செல்கள் மேலே, சில செல்கள் கீழே. இந்த ஏற்றத்தாழ்வு செல் செத்துவிட்டதால் வந்ததாகவே இருக்க வேண்டும் என்றில்லை. சில கார்களில் கொஞ்ச நாள் அமைதியாக ஓட்டினாலே இடைவெளி குறையும். குறையாவிட்டால் அதற்கென்றே உள்ள சார்ஜரில் மிகக் குறைந்த மின்சாரத்தில் நீண்ட நேரம் ஏற்றிச் சமப்படுத்த முடியும். இது நிக்கல் வகைக்கு மட்டும். லித்தியம் வகையில் இப்படிச் செய்வது தீயை வரவழைப்பதாகும். வெசல் வைத்திருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் இதற்கு உடன்படாதீர்கள்.

அடுத்தது களிம்பு பிடித்த செப்புத் தகடுகள். துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் செப்புத் தகடுகளில் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து பச்சை படிந்துவிடும். கடற்கரை ஊர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். அளக்கும் வயரின் முனை அரித்திருந்தால் நல்ல துண்டும் கெட்ட துண்டாகவே கணினிக்குத் தெரியும். சுத்தம் செய்து சரியான முறுக்கில் பூட்டினாலே சரியாகும் பற்றரிகள் இருக்கின்றன. மூன்றாவது எலி. நின்ற கார் எலிக்கு நல்ல வீடு. வயரைக் கடிக்கும், பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுக் குழாயில் கூடு கட்டும். பின் இருக்கையின் பக்கத்தில் உள்ள காற்று வாயிலைத் திறந்து பார்க்காமல் யாரும் பற்றரிக்கு விலை சொல்லக் கூடாது.

ஆகவே கராஜில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். "ஒவ்வொரு புளொக்கின் வோல்ற்றையும் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பிரியஸில் இரண்டு துண்டுகள் சேர்ந்து ஒரு புளொக், மொத்தம் 14. அவை 14.4 வோல்ற்றைச் சுற்றி ஏறும், இறங்கும். நிறுத்தி வைத்து மட்டும் பார்க்காமல், எஞ்சின் தொடங்கும்போதும் காரை அழுத்தி ஓட்டும்போதும் திரையில் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் பற்றரி உழைக்கிறது. ஒரு புளொக் மட்டும் எப்போதும் 1.2 வோல்ற் அளவு கீழேயே நின்றால் அதற்குள் ஒரு செல் செத்துவிட்டது. பல புளொக்குகள் சுமையில் விழுந்து விழுந்து எழுந்தால் பற்றரி முழுவதும் களைத்துவிட்டது. அப்போது மாற்றுவதுதான் சரி. அந்தச் செலவை வருத்தமில்லாமல் செய்யலாம், ஏனென்றால் அளந்து பார்த்துச் செய்கிறீர்கள்.

ஒரு துண்டை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: புதிதாக வைக்கும் துண்டின் கொள்ளளவை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? ஒப்பிடாமல் வைத்தால் சில மாதத்தில் அடுத்த துண்டு விழும், அதன் பிறகு அதற்கடுத்தது. கூட்டிப் பார்த்தால் முழுப் பற்றரியின் விலையே வந்து நிற்கும்.

ஆர்வத்தில் வீட்டிலேயே பெரிய பற்றரியைத் திறக்க நினைக்கும் இளைஞர்களுக்கும் இந்த மடல் வழியாகவே சொல்கிறேன், வேண்டாம். 200 வோல்ற் நேர் மின்சாரம் விளையாட்டல்ல. செம்மஞ்சள் நிற வயர் எங்கே தெரிந்தாலும் அது உயிரைக் குடிக்கக்கூடிய வோல்ற். மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் இன்வேட்டருக்குள் அது 650 வோல்ற் வரை உயர்த்தப்படுகிறது. தொழில் தெரிந்தவர்கள்கூடச் சின்னப் பற்றரியைக் கழற்றி, பாதுகாப்புச் செருகியை இழுத்தெடுத்து, கப்பாசிற்றர்களில் நிற்கும் மின்சாரம் இறங்கக் குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, உயர் வோல்ற் கையுறை போட்டு, அளந்து பார்த்த பிறகுதான் கை வைக்கிறோம். செருகியை எடுத்த பிறகும் பற்றரிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இவ்வளவு அலைச்சலையும் தவிர்க்கும் வேலை, பயணத்துக்கு முந்தின வாரத்தில் இருக்கிறது. பெற்றோலைப் பாதித் தாங்கிக்குக் குறையாமல் நிரப்புங்கள். ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, திரையில் பெரிய பற்றரியின் அளவு நன்றாக ஏறியிருக்கும்போது காரை நிழலில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஹாண்ட் பிரேக்கை விடுங்கள், இல்லாவிட்டால் அது துருவேறி ஒட்டிக்கொள்ளும். ரயர்களுக்குக் காற்று அடியுங்கள். சாவிகள் இரண்டையும் காருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நம்பிக்கையான ஆள் ஊரில் இருந்தால், வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் ரெடியில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்து அழுத்த வேண்டும் என்பதையும் ரெடி விளக்கு எரிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதையும் நீங்களே செய்து காட்டிவிட்டுப் போங்கள். பிரேக் மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் ரேடியோ பாடும், விளக்கு எரியும், ஆனால் சார்ஜ் ஏறாது. காரைப் பார்த்துக்கொள்வதாக நினைத்து வாராவாரம் சின்னப் பற்றரியை வடித்துக்கொண்டிருப்பார் அந்த நல்ல மனிதர்.

அப்படி ஆள் இல்லாவிட்டால் சின்னப் பற்றரியின் எதிர் முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். பிரியஸில் அதன் பிறகு டிக்கி திறக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். திரும்பி வரும்போது பொனற்றுக்குக் கீழே உள்ள முனை வழியாக மின்சாரம் கொடுத்து டிக்கியைத் திறக்கலாம். ஆனால் எதிர் முனையைக் கழற்றுவது சின்னதை மட்டுமே காக்கும். பெரியது தானாக இழப்பதை அது நிறுத்தாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது யாராவது அதை இணைத்து, அரை மணி நேரமாவது ஓட்டத்தான் வேண்டும். அதற்கு மேலும் காரைத் தனியே விட்டுப் போக வேண்டியிருந்தால், உறவினரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஹைபிரிட் காருக்கு ஓட்டம்தான் மருந்து.

உங்களில் பலர் ஓய்வூதியத்திலும் பிள்ளைகள் அனுப்பும் பணத்திலும் வாழ்கிறீர்கள். அந்தப் பணத்தில் வாங்கிய கார், வைத்தியசாலைக்கும் கோயிலுக்கும் உங்களை மற்றவர் கையை எதிர்பாராமல் கூட்டிச்செல்கிறது. அதைத் தேவையில்லாத ஒரு செலவுக்குப் பயந்து விற்றுவிடவும் வேண்டாம், தேவையில்லாத செலவைச் செய்யவும் வேண்டாம். மல்ரிமீற்றர் ஒன்றை இன்றே வாங்கி, நன்றாக ஓடும் நாளில் உங்கள் காரின் சின்னப் பற்றரியை அளந்து, அந்த எண்ணைத் திகதியோடு காருக்குள் இருக்கும் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ஸ்கான் பண்ணும்போதெல்லாம் புளொக் வோல்ற்றுகளைப் படம் எடுத்துச் சேர்த்துவையுங்கள். அடுத்த முறை யாராவது "பற்றரி போயிட்டுது" என்றால், அந்தக் கணக்கை முன்னே வைத்து, "எந்தப் பற்றரி, எத்தனை வோல்ற்?" என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவரிடம் மட்டும் காரைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் வாகன மின்வேலையாளன்